கோவிவனும் இருபது பேரும்

ஒரு நாயின் பெயர் கோவிவன்.

அரண்மனை வாயிலில் பொற்சங்கிலியில் கட்டிக் கிடந்த நாயன்று அது. மன்னன் மடியில் வளர்ந்த நாயுமன்று. எருமை மந்தைக்குக் காவல் நின்ற ஒரு வீரனோடு காட்டிலும் மேட்டிலும் அலைந்த நாய். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த நாயின் பெயரை இன்று நாம் எழுதுகிறோம், நீங்கள் படிக்கிறீர்கள். எப்படி முடிந்தது? ஒரு கல்லில் எழுதி வைத்தார்கள், அதனால் முடிந்தது.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் கிடைத்த நடுகல் அது. ஜவ்வாது மலையின் தென்புறம் இறங்கி வந்தால் செங்கம். அந்த வட்டாரம் முழுவதும் நடுகற்கள். கழனி வரப்பிலே, ஏரிக் கரையிலே, புளியமரத்தடியிலே நிற்கின்றன. 1972-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அவற்றைத் திரட்டி, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 'செங்கம் நடுகற்கள்' என்றே ஒரு நூல் வெளியிட்டது. பெரும்பாலான கற்களில் வட்டெழுத்து. எடுத்தனூர்க் கல்லில் பல்லவன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளின் பொருட்டுப் போரிட்டு மாண்டான் என்பது செய்தி. அதோடு நிறுத்தினார்களா? இல்லை. கோவிவன் என்ற நாய் இரண்டு திருடர்களைக் கடித்து, காவல் காத்து நின்றது என்றும் எழுதினார்கள். எழுதியதோடும் நிற்கவில்லை. வீரனைச் செதுக்கிய உளி அவன் பக்கத்தில் நாயையும் செதுக்கிற்று.

மகேந்திரவர்மன் யார்? குன்றுகளைக் குடைந்து கோயில் கண்ட மன்னன். நாடகம் எழுதியவன். 'சித்திரகாரப்புலி' என்று பட்டம் சூட்டிக்கொண்டவன், அதாவது ஓவியர்களிலே புலி! அந்தப் புலி தன் கையால் தீட்டிய படம் இதுதான் என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட இன்று ஒரு சுவர்கூட நமக்கில்லை. புலியின் சித்திரம் போயிற்று. நாயின் சித்திரம் நிற்கிறது!

இதை ஏன் இப்போது பேசுகிறோம் என்று கேட்பீர்கள். "ஆலையிலே ஆட்குறைப்பு, அரிசி விலை ஏற்றம். இந்த வேளையில் ஓவியமாம், சிற்பமாம், இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று சலித்துக்கொள்ளும் தோழரும் உண்டு. அவர் சலிப்பு நியாயமானதே. ஓவியம் என்றால் பணக்காரன் வரவேற்பறையில் மாட்டுவது, ஏலத்தில் கோடிக்கு விற்பது, நமக்குப் புரியாதது என்றுதான் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால், தோழர்களே, ஊர் சீர்குலைந்த நாளை ஊர் மறக்கக்கூடாது என்பதற்காகப் பிறந்த படங்கள் உண்டு. அவை நம்முடையவை. அவற்றைப் படிக்க நாம் பழக வேண்டியது மட்டுமே பாக்கி.

சென்ற மாதம் ஒரு கூட்டத்தின் பொருட்டுச் செங்கம் போயிருந்தோம். கூட்டம் மாலையில்தான். பகலில் தோழர் ஒருவர் தம் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வயல்பக்கம் அழைத்துச் சென்றார். வரப்போரத்தில் இடுப்புயரக் கல் ஒன்று. மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் அப்பிப் போயிருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரை, "இது யாருங்க ஐயா?" என்று கேட்டோம்.

"வேடியப்பன் சாமிங்க."

"அவர் யாரு? எந்தக் காலத்திலே இருந்தாரு?"

பெரியவர் சிரித்தார். "சாமிக்கு ஏதுங்க காலம்?"

அவருக்கு விடை தெரிந்துவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை என்பது போன்ற சிரிப்பு! செங்கம், தருமபுரி வட்டாரங்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது. வாள் பிடித்து நின்று மாண்ட மனிதனை வேடியப்பன் ஆக்கினார்கள். படையல் உண்டு, பொங்கல் உண்டு. ஆனால் அவன் பெயர் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியிலே போய்விட்டது. மனிதனை மறக்க இரண்டு வழி இருப்பதாக நமக்குத் தோன்றிற்று. கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போடுவது ஒரு வழி. கடவுளாக்கிக் கும்பிடுவது இன்னொரு வழி. பின்னதில் கொஞ்சம் மரியாதை கூடுதல், அவ்வளவுதான். எனினும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெரியவரும் அவர் பாட்டன் பூட்டனும் கும்பிடாதிருந்தால் அந்தக் கல் என்றோ ஜல்லியாகியிருக்கும். பகுத்தறிவு பேசும் நாம் அந்த நன்றியை மறைக்கக்கூடாது.

கல்லை உற்றுப் பார்த்தோம். வீரன் தெரிந்தான். உச்சியிலே முடிந்த கொண்டை. ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். இப்படிப்பட்ட கற்களில் சிலவற்றில் மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்திருப்பதையும் காட்டியிருப்பார்கள். முதுகில் தைக்காத அம்பு என்பதைப் பார்ப்பவன் தானே கண்டுகொள்ள வேண்டும். சிலவற்றில் காலடியில் ஒரு கெண்டி, ஒரு சிமிழ். கெண்டியில் இருப்பது கள் என்பார்கள். அதியமான் மாண்டபின் அவன் நடுகல்லுக்குக் கள் படைத்ததை நினைத்து நெஞ்சு வெடிக்கப் பாடினாள் அவ்வை. அந்த அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி, அங்கிருந்து தொலைவில் இல்லை.

பகைவன் எங்கே? பெரும்பாலும் இருக்க மாட்டான். அவனுக்குக் கல்லிலே இடமில்லை. செத்தவன் யார், அவன் எதற்காக நின்றான், அவனோடு நின்றது எது, அவனுக்குப் பிடித்தது எது. இவ்வளவுதான் படம். எழுத்தறியாதவனும் படிக்கத்தக்க ஏடு. வில்லைத் தெரியாதவன் உண்டா? நாயைத் தெரியாதவன் உண்டா? கள்ளைத் தெரியாதவன் ... சரி, அதை விடுவோம்.

இதே வித்தையை ஐரோப்பாவிலே ஒருவன் செய்தான், உலகம் வியந்தது. 1937, ஏப்ரல் 26. ஸ்பெயின் நாட்டில் பாஸ்க் மக்களின் ஊரான குவர்னிக்கா. திங்கட்கிழமை, சந்தை நாள். பிராங்கோவுக்குத் துணையாக வந்த இட்லரின் விமானங்களும் முசோலினியின் விமானங்களும் அந்த ஊர்மீது குண்டு பொழிந்தன. மூன்று மணி நேரத்துக்கு மேல் பொழிந்தன. ஊர் எரிந்தது. பாரிசில் இருந்த ஓவியன் பிக்காசோ செய்தித்தாளில் அதைப் படித்தான், தூரிகை எடுத்தான். அந்த ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் ஸ்பெயின் மண்டபத்தில் படம் நின்றது. பதினோரு அடிக்கு மேல் உயரம், இருபத்தைந்து அடிக்கு மேல் நீளம். வண்ணம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, சாம்பல், செய்தித்தாளின் நிறம்.

அதில் விமானம் உண்டா? இல்லை. குண்டு உண்டா? இல்லை. இட்லர்? பிராங்கோ? ஒருவரும் இல்லை! ஒரு காளை. ஈட்டி பாய்ந்து அலறும் ஒரு குதிரை. செத்த குழந்தையை ஏந்தி வானத்தைப் பார்த்துக் கதறும் தாய். விழுந்து கிடக்கும் வீரன், ஒடிந்த வாள், அதை அடுத்து ஒரு சின்னஞ்சிறு பூ. சன்னல் வழியே கையை நீட்டி விளக்குக் காட்டும் ஒரு பெண். மேலே மின்சார விளக்கு ஒன்று, கண்ணைப் போல. காளை யார், குதிரை யார் என்று வாழ்நாள் முழுதும் பிக்காசோவைக் குடைந்தார்கள். ஒரு சமயம், காளை காளைதான், குதிரை குதிரைதான் என்றான். மற்றொரு சமயம், குதிரை என்பது மக்கள் என்று ஒப்புக்கொண்டான். செங்கத்துக் கல்தச்சனைக் கேட்டிருந்தால் அவனும், "நாய் நாய்தானுங்க" என்றுதான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறோம். ஊரிலே எல்லாரும் அறிந்த பொருளை எடுத்து, அதன்மேல் ஊரின் துயரை ஏற்றி வைப்பதுதான் இந்த வித்தை. பொருள் எளியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் தாங்கும்.

பொழுதுபோக்குப் படமென்றால் ஆளுவோர் அஞ்சுவார்களா? கேளுங்கள். அந்தப் படத்தை அப்படியே நெய்து திரைச்சீலையாக்கி, நியூயார்க்கிலே ஐக்கிய நாடுகள் அவையில், பாதுகாப்பு மன்ற வாயிலருகே தொங்க விட்டிருந்தார்கள். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அங்கு வந்தார். ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன, போர் தொடுத்தே ஆகவேண்டும் என்று வாதாட வந்தார். அந்த வேளையில் திரைச்சீலைக்கு மேல் நீலத் துணி போர்த்தி மூடினார்கள்! தொலைக்காட்சிக்குப் பின்னணி சரியாக அமையவில்லை என்று சமாதானம் கூறினார்கள். குண்டு வீசப் போகிறவன் பின்னால், குண்டு விழுந்த ஊரின் தாய் நின்று கதறினால் பின்னணி சரியாக அமையாதுதான்! அறுபத்தாறு ஆண்டுக்கு முன் செத்த குழந்தையைப் பார்த்து வல்லரசு கூசிற்று. ஒரு துணியை மறைக்க இன்னொரு துணி. நெசவாளர் தோழர்கள் தங்கள் தொழிலின் வலிமையை எண்ணிப் பெருமைப்படலாம்.

கடல் கடந்து ஐரோப்பாவரை போவானேன்? யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரினால் வீடிழந்த மக்களிடம் சென்று, உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். ஓவியம் பயிலாத கைகள். கோணலும் மாணலுமாகத் தரைப்படம் வரைந்தன. இங்கே அறை, இங்கே அடுப்படி, இங்கே கிணறு என்று. அவற்றையும், அவற்றோடு தாம் தீட்டிய சித்திரங்களையும் சேர்த்து 2011-இல் நூலாக்கினார். முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் தலைப்பு. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. அரசாங்கத்தின் ஏட்டில் இல்லாத வீட்டை மக்கள் தங்கள் ஏட்டிலே பதிந்தார்கள். அங்கும் பாருங்கள், துப்பாக்கியை வரையச் சொல்லவில்லை, வீட்டை வரையச் சொன்னார்.

கூட்டம் முடிந்த மறுநாள் போளூர் வழியாக மலை ஏறினோம். வளைந்து வளைந்து ஏறும் சாலை. பலாவும் நெல்லியும் புளியும். மேலே ஜமுனாமரத்தூர். காவலூரிலே வானத்து நட்சத்திரங்களை ஆராயும் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி ஏழரை அடிக்கு மேல் குறுக்களவு. பல லட்சம் கோடி கல் தொலைவிலுள்ள விண்மீன் அதில் தெரிகிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் வரகும் விதைக்கும் மலை அது. சந்தனத்துக்குப் பெயர் போன மலை. சந்தனத்தால் அந்த மக்களுக்கு வாழ்வு வந்ததா என்பது வேறு கதை. மணம் வெளியூர் போயிற்று, வழக்கு உள்ளூரில் தங்கிற்று.

அந்த மலையிலே நின்றபோது நமக்கு நினைவுக்கு வந்த நாள் 2015, ஏப்ரல் 7.

அன்று விடியற்காலை, ஆந்திரத்தில், திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில், இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டது செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திர அரசு அமைத்த தனிப்படை. மாண்டவர்கள் தமிழர்கள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப்பக்கத்தவர்கள். மரம் வெட்டிக் கடத்த வந்தார்கள், கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். உயிர் தப்பியவர்களோ தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வேறு சாட்சி சொன்னார்கள். காட்டிலே பிடிக்கவில்லை, வழியிலே பிடித்தார்கள், பேருந்திலிருந்தே இறக்கிக்கொண்டு போனார்கள் என்றார்கள். ஒருவர், பேருந்திலே ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தம்மை விட்டுவிட்டார்கள் என்றார். பக்கத்து இருக்கை அவரைப் பிழைக்க வைத்தது! மற்றவர்கள் வேறு இருக்கையில் அமர்ந்திருந்தார்கள்.

"திருடப் போனவர்கள்தானே?" என்று கேட்கும் கனவான்கள் இன்றும் உண்டு. வெட்டத்தான் போனார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சட்டம் அதற்குச் சிறை சொல்கிறது, சுடுகாடு சொல்லவில்லை. செம்மரம் கப்பலேறிச் சீனத்தில் மேசையும் நாற்காலியும் ஆகிறதே, அந்த நாற்காலியில் உட்காருபவன் மீது குண்டு பாய்ந்ததா? கப்பலில் ஏற்றியவன் மீது பாய்ந்ததா? கூலிக்குக் கோடரி தூக்கியவன் மார்பைத் தேடித்தானே பாய்ந்தது?

அந்தக் கனவான்களுக்கு நம் நடுகற்கள் இன்னொரு விடை வைத்திருக்கின்றன. ஆநிரையை மீட்டு மாண்டவனுக்கு மட்டும்தான் கல் நட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நிரை கவரப் போய் மாண்டவனுக்கும் நட்டார்கள்! 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழகத்தின் மிகப் பழைய நடுகற்களுள் ஒன்று ஆகோளில் மாண்டவனுக்கு உரியது. ஆகோள் என்றால் என்ன? மாட்டைக் கவர்தல். இன்றைய போலீஸ் மொழியில் சொன்னால் கால்நடைத் திருட்டு. கவர்ந்தவனுக்கும் கல், மீட்டவனுக்கும் கல். அவன் செய்தது சரியா தவறா என்று ஊர் வழக்காடியிருக்கும், வஞ்சம்கூட வைத்திருக்கும். ஆனால் மாண்டவன் நம்மவன், அவன் பெயர் அழியக்கூடாது என்பதில் இரண்டு கட்சி இருந்ததில்லை. கல்லில் அவர்கள் எழுதிய சொல் ஒன்றே ஒன்று. 'பட்டான்.' வீழ்ந்தான் என்று பொருள். நம் காலத்து ஏடுகள் எழுதும் சொல் 'என்கவுண்டர்'. அந்தச் சொல்லுக்குள் சுட்டவனும் தெரியவில்லை, பட்டவனும் தெரியவில்லை.

மலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, உடன் வந்த தோழரிடம் அந்த இருபது பேரின் பெயர்களைக் கேட்டோம். அவர் தெரிந்தவரை சொல்லிப் பார்த்தார். நான்கில் நின்றது. நாம் நம்மையே கேட்டுக்கொண்டோம். அரசியல் மேடையிலே பத்தாண்டுக்கு மேல் பேசும் நமக்கு இரண்டுகூட வரவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். கோவிவன் என்ற நாயின் பெயர் மனப்பாடம். நம்மோடு வாழ்ந்து, நம் கண்ணெதிரே செய்தியான மனிதர்களின் பெயர் மறந்துவிட்டது! வந்த வழியிலும் போன வழியிலும் அவர்கள் பெயரைத் தாங்கிய ஒரு கல்லை நாம் காணவில்லை.

மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. சங்க காலத்தில் இந்தச் செங்கத்தை, அன்றைய செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடிய நூல் அது. பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்குப் புலவர் வழி சொல்கிறார். இந்தக் காட்டில் பாம்பு, அந்தப் பாறையில் வழுக்கல் என்றெல்லாம் எச்சரிக்கிறார். வழியிலே பெயர் பொறித்த நடுகற்கள் நிற்கும், அங்கே நின்று இசைத்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறார். வறுமையால் வாடிப் பிழைப்புத் தேடிப் போகிற கலைஞர்கள் அவர்கள். அவர்களுக்கும் அந்தக் கடமை இருந்தது.

ஆகவே மலையிலும் அடிவாரத்திலும் உள்ள தோழர்களிடம் ஒரு வேலையை வைக்கிறோம். கல் நடுவோம். சிலை வேண்டாம். பளிங்கும் வேண்டாம். திறப்பு விழாவும், திறந்து வைத்தவர் பெயரை மாண்டவர் பெயரைவிடப் பெரிதாகப் பொறிக்கும் வழக்கமும் வேண்டவே வேண்டாம். அந்தந்தக் குடும்பத்தார் இசைந்தால், அவரவர் ஊரிலே, அவரவர் மலைக்கல்லிலே நடலாம். நடுகல்லுக்கு ஆறு படி வகுத்தது தொல்காப்பியம். முதல் படி காட்சி, கல்லைத் தேடிக் காண்பது. அதைத் தொடங்க எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை.

கல்லிலே என்ன செதுக்குவது என்றுதான் திரும்பி வரும்போது பேருந்தில் பேசிக்கொண்டு வந்தோம். உடன் வந்த தோழர் கோடரி என்றார். கோடரி அவன் உழைப்பின் சின்னம், உண்மை. ஆனால் அதையே சாட்சியாகக் காட்டி வழக்கை முடித்துவிடுவார்களே என்று நமக்குத் தயக்கம். துப்பாக்கி? பகைவனுக்குக் கல்லிலே இடம் கொடுக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இல்லை. சாமைக் கதிர் வைக்கலாம் என்றோம். அவன் ஊரிலேயே இருந்திருந்தால் அறுத்திருக்கும் கதிர். தோழருக்கு அது பிடித்தது. அப்போது நடத்துனர் வந்தார், டிக்கெட் கொடுத்தார். தோழர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதையும் வைக்கணும் அண்ணே" என்றார்.

வைக்கலாம். பழைய கற்களில் கெண்டி இருக்கும் இடத்தில், காலடியில், ஒரு பஸ் டிக்கெட். மேலே பெயர், ஊர், 7-4-2015. அதன்பின் அந்த ஒரு சொல்: பட்டான்.